மீன்குளத்து வியாதிக் கிருமிகளும் வெள்ளைப் பூண்டும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும் சமயத்தில், மீன்குளம் வைத்திருக்கும் குடியானவர்கள் பலருக்கு ஒரு கவலை ஏற்படுவதுண்டு. நேற்று வரையில் தீனி மூட்டையைக் கண்டதும் கரையோரம் கூடிய மீன்கள், இன்று தீனியை நாடாமல் நீரின் மேல்மட்டத்தில் மந்தமாய்த் திரிகின்றன. சிலவற்றின் வயிற்றில் இரத்தம் கட்டியது போன்ற சிவந்த திட்டுகள் காணப்படுகின்றன. இரண்டு மூன்று நாட்களில் செத்த மீன்கள் கரையில் ஒதுங்குகின்றன. ஓர் ஏக்கர் குளத்தில் 2,000 மீன்கள் அரைக் கிலோ எடைக்கு வளர்ந்திருக்குமானால், அங்கே ஆபத்தில் இருப்பது 1,000 கிலோ மீன். குஞ்சு வாங்கிய பணமும், போட்ட பிண்ணாக்கும் தவிடும், பல மாத உழைப்பும் அந்த ஆயிரம் கிலோவில் அடங்கியிருக்கின்றன.

இச்சமயத்தில் குடியானவருக்கு இரண்டு விதமான யோசனைகள் கிடைக்கின்றன. மனிதருக்கும் கோழிக்கும் கொடுக்கும் கிருமிநாசினி மாத்திரைகளை வாங்கித் தீனியில் கலக்கும்படி ஒருவர் சொல்வார். வெள்ளைப் பூண்டை இடித்துக் குளத்தில் கரைத்துவிட்டால் போதும் என்று மற்றொருவர் சொல்வார். முதல் யோசனை தீங்கானது. இரண்டாவதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. வெள்ளைப் பூண்டுக்கு மீன் வியாதிக் கிருமிகளைக் கொல்லும் சக்தி இருப்பது மெய். அந்தச் சக்தி எங்கே பிறக்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, மீனின் உடலுக்கு எவ்வழியாகச் சேர்கிறது என்பவற்றை அறியாமல் செய்தால் பூண்டும் வீண், மீனும் வீண். ஆகவே, அவற்றை ஒழுங்காக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வியாதியும் அதன் கிருமியும்

கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இன மீன்களுக்கு மேற்கூறிய குறிகளுடன் வரும் வியாதிக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா என்னும் பாக்டீரியா. இது சிறு குச்சி போன்ற வடிவமுள்ளது. ஒரு முனையிலுள்ள வால் போன்ற இழையால் நீரில் நீந்திச் செல்லும். துடுப்புகளின் அடியில் இரத்தக் கசிவு, செதில்கள் நிமிர்ந்து நிற்றல், வயிற்றில் நீர் கோத்து உப்புதல், கண்கள் பிதுங்குதல், தோலில் புண் ஆகியவை இவ்வியாதியின் முக்கியமான குறிகள்.

இக்கிருமி வெளியூரிலிருந்து வந்து சேர்வதன்று என்பதைக் குடியானவர்கள் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நல்ல குளத்து நீரிலும், சேற்றிலும், சுகமாயிருக்கும் மீனின் குடலிலுங்கூட இது எப்பொழுதும் வாழ்கிறது. மீன் பலமாயிருக்கும் வரையில் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. இடநெருக்கம், விடியற்காலத்தில் நீரில் பிராணவாயு குறைதல், அழுகிய தீனியால் அம்மோனியா மிகுதல், திடீரென நீர் குளிர்தல், வலை உரசிய காயம் ஆகியவற்றால் மீன் தளர்ந்த வேளையில்தான் அது உள்ளே புகுந்து இரத்தத்தில் பெருகுகிறது.

இக்கிருமியின் இனத்துக்குள்ளேயும் சாதுவானவை, கொடியவை என வேறுபாடு உண்டு. அமெரிக்காவின் அலபாமா ராஜ்யத்தில் கெளுத்தி இன மீன்களைப் பெருமளவில் வளர்க்கும் பண்ணைகளில், 2009-ம் வருஷத்தில் இதன் ஒரு கொடிய வகை தோன்றிப் பெருத்த நஷ்டத்தை உண்டாக்கிற்று. விற்கும் எடைக்கு வந்த பெரிய மீன்களே அதில் மிகுதியாய் மாண்டன. செலவெல்லாம் செய்து முடித்தபின் வரும் நஷ்டம் எவ்வளவு கடியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கிருமிநாசினி மாத்திரைகள் ஏன் தகாதவை?

மாத்திரை கலக்கும் பழக்கத்தை விலக்குவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் வகைகள் முதலிய பல மருந்துகள் மீன், இறால் வளர்ப்பில் நமது தேசத்தில் தடை செய்யப்பட்டவை. அவற்றின் எச்சம் காணப்பட்ட சரக்கு வெளிநாட்டுத் துறைமுகங்களில் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. இரண்டாவது, ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலா ஆம்பிசில்லின் வகை மருந்தை இயற்கையாகவே தாங்கவல்லது. குறி பாராமல் வாங்கிப் போடும் மாத்திரை பயனற்றுப் போகலாம். மூன்றாவது காரணமே மிகப் பெரியது. மருந்து கலந்த குளத்தில் பலவீனமான கிருமிகள் மடிந்து, தாங்கும் வலிமையுள்ளவை எஞ்சிப் பெருகும். அவ்வலிமையைக் கிருமிகள் ஒன்றுக்கொன்று, வேறு இனக் கிருமிகளுக்குங்கூட, கொடுத்துவிடும் தன்மை உடையவை. குளத்தில் பழகிய கிருமியின் வலிமை நாளை நம் பிள்ளைகளின் உடம்பில் புகும் கிருமிக்கும் வந்து சேரலாம். மீனைக் காக்கப் போய் மனிதரின் மருந்தை மழுங்கச் செய்வது தகாது.

பூண்டின் சக்தி பிறக்கும் விதம்

உரிக்காத பூண்டுப் பல்லை மோந்து பாருங்கள். அதிக வாசனை இராது. அதையே நசுக்கியதும் காரமான நெடி மூக்கில் ஏறும். பூண்டின் மருந்துக் குணத்தின் இரகசியம் முழுவதும் இந்தச் சிறு பரிசோதனையில் அடங்கியுள்ளது.

1944-ம் வருஷத்தில் அமெரிக்காவில் செஸ்டர் கவலிட்டோ, ஜான் பெய்லி என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நசுக்கிய பூண்டிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு வஸ்துவைப் பிரித்தெடுத்து, அது பலவகைப் பாக்டீரியாக்களை அடக்குவதைக் கண்டறிந்தனர். அதற்கு அல்லிசின் என்று பெயரிட்டனர். ஆனால் நசுக்காத பூண்டில் அல்லிசின் இல்லை. அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குச் சில வருஷங்களுக்குப் பின், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் ஆர்தர் ஸ்டோல், எவால்ட் ஸீபெக் என்னும் இருவர் விடை கண்டனர். பூண்டுப் பல்லில் அல்லின் என்னும் வாசனையற்ற கந்தகச் சத்து ஓரிடத்திலும், அல்லினேஸ் என்னும் நொதிப்பொருள் வேறோரிடத்திலும் தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கின்றன. பல்லை நசுக்கும்போது அறைகளின் சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. கலந்த சில நொடிகளிலேயே அல்லின் மாறி அல்லிசின் ஆகிறது. பூச்சியோ பூஞ்சணமோ கடிக்கும்போது தன்னைக் காத்துக்கொள்வதற்காகப் பூண்டுச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது.

இதிலிருந்து குடியானவர்கள் அறிய வேண்டிய பாடங்கள் மூன்று.

முதலாவது, முழுப் பல்லாகவோ பெரிய துண்டுகளாகவோ போடும் பூண்டு பயன் தராது. நன்றாக நசுங்க வேண்டும்.

இரண்டாவது, நசுக்குவதற்கு முன் வேகவைத்தல் கூடாது. சூட்டில் அல்லினேஸ் கெட்டுவிடும். பிறகு எவ்வளவு இடித்தாலும் அல்லிசின் பிறவாது. கொதிக்கும் கஞ்சியில் பூண்டைப் போட்டுத் தீனி சமைப்பவர் மணத்தைப் பெறுவார், மருந்தைப் பெறமாட்டார்.

மூன்றாவது, பிறந்த அல்லிசின் நிலையானதன்று. நாள் செல்லச் செல்ல அது சிதைந்து வேறு கந்தகச் சத்துகளாக மாறும். எண்ணெயில் இச்சிதைவு நீரிலுள்ளதைவிட விரைவாக நடக்கும். ஆகவே இடித்த பூண்டை மொத்தமாய்ச் சேமித்து வைத்தலும், எண்ணெயில் ஊறவைத்து மாதக்கணக்கில் உபயோகித்தலும் நமது காரியத்துக்கு ஏற்றவையல்ல.

கிருமியை அது தாக்கும் விதம்

கிருமியின் உடலில் உயிர்த்தொழில் நடத்தும் நொதிப்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் அநேகத்தில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் இருக்கின்றன. அல்லிசின் கிருமியின் மெல்லிய சவ்வை எளிதாகக் கடந்து உட்சென்று இம்முனைகளுடன் பிணைந்துகொள்கிறது. நொதிப்பொருள்கள் வேலை செய்ய முடியாமல் நின்றுபோகின்றன. பூட்டின் துவாரத்தில் மெழுகை அடைத்தால் சாவி நுழையாததுபோல் என்று கொள்ளலாம். சாதாரணக் கிருமிநாசினிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு பூட்டுகளையே அடைக்கும். அல்லிசின் ஒரே சமயத்தில் பலவற்றை அடைக்கிறது. ஆகையால் அதைத் தாங்கும் வலிமையைக் கிருமி விரைவில் பெறுவது கடினம்.

ஆயினும் எந்தக் கிருமியும் பூண்டைத் தாங்காது என்று நினைப்பதும் பிழை. சூடோமோனாஸ் இனத்துக் கிருமிகள் சில அல்லிசினைப் பொருட்படுத்துவதில்லை. பூண்டுப் பல்லிலேயே குடியிருக்கும் அவ்வினத்துக் கிருமி ஒன்று பிரித்தெடுக்கப்பட்டு, அது அல்லிசினைத் தாங்குவதற்கு வேண்டிய அணுக் கூறுகளைப் பெற்றிருப்பது 2020-ம் வருஷத்தில் விளக்கப்பட்டது. மீன்களுக்கு வியாதி தரும் கிருமிகளிலும் சூடோமோனாஸ் இனம் உண்டு. எனவே எல்லா மீன் வியாதிக்கும் பூண்டு ஒன்றே மருந்து என்பவரின் சொல்லை நம்பலாகாது.

தட்டில் கண்டதும் குளத்தில் காண்பதும்

ஒரு செடியின் சாறு கிருமியைக் கொல்லுமா என்பதை ஆராய்ச்சிச் சாலையில் சோதிக்கும் முறை எளிது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்னும் சத்துடன் கிருமிக்கு வேண்டிய உணவைச் சேர்த்து, தட்டையான கண்ணாடித் தட்டில் கூழாக உறைய வைப்பார்கள். அதன்மேல் வியாதிக் கிருமியைப் பரப்பி, சாறு தோய்த்த சிறிய காகித வட்டத்தை நடுவில் வைத்து, ஓர் இரவு கதகதப்பில் வைத்திருப்பார்கள். மறுநாள் தட்டு முழுவதும் கிருமி வளர்ந்து மங்கலாயிருக்கும். காகிதத்தைச் சுற்றிலும் மட்டும் கிருமி வளராத தெளிவான வளையம் ஒன்று காணப்படும். வளையத்தின் அகலத்தைக் கொண்டு சாற்றின் சக்தியை மதிப்பிடுவார்கள். வெள்ளைப் பூண்டுச் சாறு ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலாவுக்கு எதிராக இத்தகைய வளையத்தைத் தருகிறது.

வளையத்தைக் கண்டவுடன் குளத்தில் பூண்டைக் கரைத்துவிடலாம் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். இங்கேதான் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழம் நீர் நிற்குமானால் குளத்தில் உள்ள நீர் ஏறத்தாழ 60 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர். கிருமியை அடக்க ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் அல்லிசின் போதும் என்று மிகக் குறைவாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் குளத்துக்கு வேண்டியது சுமார் 60 கிலோ அல்லிசின். ஒரு கிலோ பச்சைப் பூண்டை நசுக்கினால் கிடைக்கும் அல்லிசின் சுமார் 4 கிராம்தான். ஆகவே இடிக்க வேண்டிய பூண்டு 15,000 கிலோ. அதாவது 15 டன். குளத்திலுள்ள மீன் முழுவதையும் விற்றாலும் அந்தப் பூண்டை வாங்க முடியாது. ஐந்து கிலோவோ பத்துக் கிலோவோ இடித்துக் கரைப்பவர், தட்டில் கண்ட அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் குளத்தில் சேர்ப்பதில்லை.

15 டன் பூண்டு இனாமாகவே கிடைத்தாலுங்கூட அதைக் கரைத்தல் நன்றன்று. குளத்து நீரிலும் சேற்றிலும் நமக்கு உதவி செய்யும் பாக்டீரியாக்கள் கோடானுகோடி உள்ளன. மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியாவைத் தீங்கற்றதாக மாற்றுபவை அவையே. அல்லிசினுக்கு நல்லது கெட்டது தெரியாது. அவற்றையும் கொன்றுவிட்டால் குளம் முன்னிலும் கெடும்.

தீனி வழியே கொடுத்தல்

நீரில் முடியாதது தீனியில் முடிகிறது. மருந்தை அறுபது லட்சம் லிட்டரில் பரவவிடாமல், மீனின் குடலுக்கே நேராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இதன் தத்துவம்.

2009-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்திலுள்ள ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் வானவில் டிரௌட் மீன்களைக் கொண்டு நடத்திய பரிசோதனை ஒன்றை இங்கே கூறலாம். 100 கிராம் தீனிக்கு அரைக் கிராமும், ஒரு கிராமும் பூண்டு சேர்த்து 14 நாட்கள் கொடுத்து, அதன் பிறகு ஏரோமோனாஸ் ஹைட்ரோபிலாவை மீன்களின் உடலில் செலுத்தினார்கள். பூண்டு உண்ணாத மீன்களில் பெரும்பகுதி மாண்டன. உண்டவற்றில் பெரும்பகுதி பிழைத்தன. நமது தேசத்தில், ஒடிஸாவின் கௌசல்யாகங்காவிலுள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள் ரோகு மீன்குஞ்சுகளுக்கு நீண்ட நாட்கள் பூண்டு கலந்த தீனி கொடுத்துச் சோதித்து, 2007-ம் வருஷத்தில் வெளியிட்ட முடிவும் இதனுடன் ஒத்திருக்கிறது. பூண்டு உண்ட குஞ்சுகளின் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை அதிகமாகப் பெற்றன. அதே கிருமியைச் செலுத்தியபோது பிழைத்த குஞ்சுகளும் அதிகம்.

இந்தப் பரிசோதனைகளில் கூர்ந்து கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூண்டு முன்னால் கொடுக்கப்பட்டது. கிருமி பின்னால் வந்தது. அல்லிசின் இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. வெகு விரைவில் மாறிவிடும். எனவே தீனியில் சென்ற பூண்டு, தட்டில் செய்ததுபோல் மீனின் உடல் முழுவதும் பரவிக் கிருமியைக் கொல்வதாக எண்ண வேண்டாம். குடலிலுள்ள கிருமிகளை அது அடக்கும். அதைவிட முக்கியமாக, மீனின் சொந்த எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும். பகைவன் வருமுன் கோட்டையைப் பழுதுபார்ப்பது போன்றது இது. பகைவன் உள்ளே நுழைந்தபின் கொத்தனாரை அழைத்துப் பயனில்லை. அன்றியும் வியாதி முற்றிய மீன் தீனி உண்பதில்லை. உண்ணாத மீனுக்குத் தீனியில் மருந்து வைப்பது எவ்விதம்?

செலவின் கணக்கையும் பார்ப்போம். கால் கிலோ எடையுள்ள 2,000 மீன்களின் மொத்த எடை 500 கிலோ. அதில் நூற்றுக்கு இரண்டு வீதம் நாளொன்றுக்கு 10 கிலோ தீனி வேண்டும். ஒரு கிலோ தீனிக்கு 10 கிராம் வீதம் ஒரு நாளைக்கு 100 கிராம் பூண்டு. 14 நாட்களுக்கு 1 கிலோ 400 கிராம். நீரில் கரைக்க 15 டன் கேட்ட அதே குளம் தீனியில் ஒன்றரைக் கிலோவுடன் திருப்தி அடைகிறது. எந்த ஏழைக் குடியானவருக்கும் இது பெரிய செலவன்று.

தயாரிக்கும் முறை

ஒரு கிலோ தீனிக்கு 5 முதல் 10 கிராம் வரை உரித்த பச்சைப் பூண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். முளைவிட்டதும், பூஞ்சணம் பிடித்ததும் ஆகாது. அம்மியிலோ உரலிலோ இட்டு, சிறிது தண்ணீர் தெளித்து, விழுதாகும்படி நசுக்கி, ஐந்து முதல் பத்து நிமிஷம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இதற்குள் அல்லிசின் உண்டாகிவிடும்.

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதி கலந்த தீனியை வழக்கம்போல் ஊறவைத்து, ஒட்டுவதற்காக ஆறிய அரிசிக் கஞ்சி சிறிது சேர்த்து, பிறகு பூண்டு விழுதைக் கலந்து, எல்லாப் பாகத்திலும் சமமாகச் சேரும்படி பிசைய வேண்டும். தீனி சூடாக இருக்கலாகாது. உருண்டை பிடித்துத் துவாரமிட்ட பைகளிலோ தட்டுகளிலோ வைத்து, அன்றைக்கன்றே கொடுத்துவிட வேண்டும். ஆலையில் செய்த குருணைத் தீனியை உபயோகிப்பவர்கள், விழுதை ஆறிய கஞ்சியில் கரைத்துக் குருணையின் மேல் பூசி, நிழலில் சற்று உலர்த்தி இடலாம். வெயிலில் காயவைத்தல் கூடாது.

மீன்கள் பூண்டின் நெடிக்குப் பழகும் பொருட்டு முதல் இரண்டு நாட்களுக்குக் குறைந்த அளவே சேர்ப்பது நல்லது. பைகளில் மிச்சமிருக்கும் தீனியைத் தினந்தோறும் பார்த்து, மறுநாள் தீனியைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். கட்லா மேல்மட்டத்து நுண்ணுயிர்களை உண்பதில் விருப்பமுள்ளது. ரோகு இடைமட்டத்திலும் மிர்கால் அடிமட்டத்திலும் மேயும். எல்லாப் பைகளையும் ஒரே ஆழத்தில் கட்டினால் ஓரினமே தீனியையும் மருந்தையும் உண்டுவிடும். ஆகையால் பைகளை வெவ்வேறு ஆழங்களில் கட்ட வேண்டும்.

கெண்டை இன மீன்களுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பை கிடையாது. பூண்டின் நொதிப்பொருள் கடும் அமிலத்தில் கெடக்கூடியது. இம்மீன்களின் வயிற்றில் அந்தத் தடை இல்லை. இது நமக்கு அனுகூலமே.

கொடுக்கும் காலம் பின்வருமாறு: மழை முடிந்து குளிர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு ஆரம்பித்து 14 நாட்கள் கொடுக்கலாம். குஞ்சுகளை ஒரு குளத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கும், வலையிட்டுத் தரம் பிரிப்பதற்கும் முன்பு அவ்வாறே செய்யலாம். அதிகம் போட்டால் அதிகப் பயன் என்று எண்ணி அளவை மீற வேண்டாம். உள்ளி இனங்களை மிகுதியாக உண்ட நாய், மாடு முதலிய பிராணிகளின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் சிதைவது நன்றாகத் தெரிந்த விஷயம். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையிலுள்ள வேலி அளவுதான்.

பூண்டினால் ஆகாதவை

விடியற்காலத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுத் திணறினால் அது கிருமியால் வந்ததன்று; பிராணவாயுக் குறைவு. அதற்குப் புதுநீர் பாய்ச்சுதலும், நீரைக் கலக்கி அடித்தலும், தீனியையும் எருவையும் நிறுத்துதலுமே பரிகாரம்.

உடலில் ஆழமான குழிப்புண்கள் தோன்றி, குளத்திலுள்ள விரால் முதலிய நாட்டு மீன்களையும் சேர்த்துத் தாக்கும் வியாதி வேறொன்று உண்டு. 1988-ம் வருஷத்தில் நமது தேசத்தின் வடகிழக்குப் பகுதிகளில் நுழைந்து, பின்னர் மற்ற இடங்களுக்கும் பரவிய கொள்ளைப் புண் வியாதி அது. அதன் மூலகாரணம் அபனோமைசீஸ் என்னும் பூஞ்சணம் போன்ற உயிர். பாக்டீரியாக்கள் பிறகு வந்து புண்ணில் குடியேறுகின்றன. பூண்டுத் தீனியால் அதை நிறுத்திவிடலாம் என்று காத்திருந்து நாளைக் கழிக்கலாகாது. எந்தப் புண்ணாயினும், வியாதியுள்ள மீன்கள் இரண்டு மூன்றை உயிருடனோ, சாகும் தறுவாயில் பனிக்கட்டியில் வைத்தோ, அண்மையிலுள்ள மீன்வள இலாகா அலுவலகத்துக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். செத்து ஊதிய மீனிலிருந்து வியாதியைக் கண்டறிய முடியாது.

செத்த மீன்களைக் கரையில் எறியாமல், குளத்துக்குத் தூரத்தில் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கையில் வெட்டுக்காயமோ புண்ணோ உள்ளவர்கள் வியாதியுள்ள மீனைத் தொடலாகாது. ஏரோமோனாஸ் கிருமி காயத்தின் வழியாக மனிதரையும் பற்றக்கூடும்.

சொந்தக் குளத்தில் சோதித்தறிதல்

பூண்டு கொடுத்த வருஷத்தில் மீன் சாகவில்லை என்பதால் பூண்டே காத்தது என்று துணிதல் சரியன்று. அவ்வருஷத்தில் வியாதியே வராதிருந்திருக்கலாம். ஒப்பிட்டுப் பாராத அனுபவம் அரை அனுபவம்தான். ஆகவே குஞ்சு வளர்ப்பவர்கள் பின்வரும் எளிய சோதனையைச் செய்து பார்க்கலாம்.

நெருங்கிய கண்ணுள்ள வலைத்துணியால் ஒரே அளவில் இரண்டு வலைக்கூண்டுகள் தைத்து, ஒரே குளத்தில் அருகருகே கட்ட வேண்டும். ஒரே தொகுதியிலிருந்து எடுத்த நூறு குஞ்சுகளை ஒவ்வொன்றிலும் விட வேண்டும். விடுவதற்கு முன் எல்லாக் குஞ்சுகளையும் லிட்டருக்கு 30 கிராம் கறியுப்புக் கரைத்த நீரில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுப்பது நலம். குஞ்சுகள் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். இரு கூண்டுகளுக்கும் ஒரே தீனி, ஒரே நேரம், ஒரே அளவு. ஒன்றில் மட்டும் பூண்டு சேர்க்க வேண்டும். தினந்தோறும் செத்தவற்றை எண்ணியும், வாரம் ஒருமுறை பத்துக் குஞ்சுகளை நிறுத்தும், ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் எழுதிவர வேண்டும். மழை பெய்த நாளும், விடியற்காலத்தில் மீன்கள் மேலே வந்த நாளும் அதில் குறிக்கப்படட்டும். இரண்டு பருவங்கள் இவ்வாறு எழுதிய குடியானவருக்குத் தம் குளத்தைப் பற்றி வேறு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை அலுவலர்களிடம் காட்டினால், பக்கத்துக் கிராமத்தாருக்கும் அது பயன்படும்.

குளத்தில் மீன் சாவதற்கு முன் பெரும்பாலும் குளம் கெடுகிறது. குளம் கெடுவதற்கு முன் பெரும்பாலும் அளவு கெடுகிறது. குஞ்சின் அளவு, தீனியின் அளவு, எருவின் அளவு ஆகிய மூன்றையும் காப்பவருடைய மீன்களுக்கு வெள்ளைப் பூண்டு நல்ல துணையாக நிற்கும். அவற்றைக் காவாதவருக்கு 15 டன் பூண்டும் போதாது. வரும் ஐப்பசிக்கு முன்பே விடியற்கால நீரையும், பையில் மிஞ்சும் தீனியையும் கவனிக்கத் தொடங்குங்கள். அதன் பிறகு அம்மியை எடுத்து வையுங்கள்.